இருபத்தேழு விநாடி

என் மனைவியின் எடை குறையவே கூடாது என்று மூன்று மாதம் மனதுக்குள் வேண்டிக்கொண்டவன் நான். வெளியில் சொன்னால் முகத்தில் காறித் துப்புவார்கள். இருந்தாலும் எழுத உட்கார்ந்துவிட்டு இதை மட்டும் விழுங்கிவிட எனக்கு மனம் வரவில்லை. இதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

அவளுக்கு ஒரே தம்பி. சுந்தரபாண்டியத்தில் விவசாயம். நாற்பது வயதுக்குள் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்து நாலு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினோடு படுத்துக் கிடப்பான். இப்படியே காலம் தள்ள முடியாது, மாற்றுச் சிறுநீரகம் வைத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார்கள். அவன் பெண்டாட்டிக்குச் சர்க்கரை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எல்லாச் சோதனையும் பார்த்ததில் பொருந்தியது அக்காவுக்குத்தான்.

மதுரை டாக்டர் அவளைத் தராசில் ஏற்றினார். எண்பத்து நாலு கிலோ. அவள் உயரத்துக்கு அது ரொம்ப அதிகம்.

"உங்க ரத்தம் பொருந்துதும்மா. ஆனா இந்த எடைல நான் கத்தி வைக்க மாட்டேன். ஒரு உசுரைக் காப்பாத்தப் போய் உங்களுக்கு ஆபத்து உண்டாக்கக் கூடாது. எழுபத்திரண்டுக்குக் கீழ வாங்க. ஆறு மாசம் எடுத்துக்கோங்க. அதுக்கு மேல அவருக்கும் தாங்காது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வீட்டுக்காரர் நீங்க. உங்க சம்மதமும் வேணும். என்ன சொல்றீங்க?"

"எனக்கென்ன சார், பரிபூர்ண சம்மதம்" என்றேன். என் மனைவி நன்றியோடு என்னைப் பார்த்தாள். எனக்கோ உள்ளுக்குள் பெரிய நிம்மதி. நான் மாட்டேன் என்று சொல்லிக் கெட்ட பெயர் வாங்க வேண்டியதில்லை, தராசே சொல்லிவிடும். நாற்பத்து மூன்று வயதில், பேண்டேஜ் கம்பெனியில் நாள் முழுக்க உட்கார்ந்து துணி மடித்துப் பெட்டியில் அடுக்குகிறவள், கடைக்குப் போவதற்குக்கூட ஆட்டோ தேடுகிறவள், பன்னிரண்டு கிலோவை எங்கே போய் இறக்குவாள்? நடக்கிற காரியமா?

மச்சினன் மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. மில் காவல் வேலையில் எனக்கு ஓய்வு விழுகிற நாளில் நான்தான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். ஆனால் இவளை மயக்க மருந்து கொடுத்துக் கிழித்து ஒன்றை எடுப்பது என்று நினைத்தால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் கிடையாது. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன், பனிமலையில் காவல் நின்றவன், இதற்குப் பயந்தேன். அப்பட்டமான பயம்.

அவளை நம்பவைக்கவும் என் மனசாட்சியை ஏமாற்றவும் முதல் நாள் நானே அவளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். ஒரு சுற்று வருவதற்குள் ஏழு தரம் கத்தினேன். முழங்காலைத் தூக்கு, கையை வீசு, மாடு மாதிரி நடக்காதே. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவள் நின்றாள், செருப்பை மாட்டினாள், திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

"ஒங்க அதிகாரத்தை மில்லு கேட்ல நிக்கிற ஆளுககிட்ட வச்சுக்கிடுங்க. எனக்கு வேண்டாம்" என்றாள்.

இதையெல்லாம் கேட்ட எங்கள் மகள்தான் ஒரு வழி சொன்னாள். அவள் அரசுத் தேர்வுக்கு இரண்டு வருஷம் வீட்டிலேயே இருந்து படித்து, பாஸாகி, அப்போதுதான் சென்னைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பாடம் கேட்டுக்கொண்டிருந்த பழைய செல்போனை அம்மாவிடமே விட்டுவிட்டாள். நெட் இல்லாவிட்டாலும் ஓடும்படி அதில் ஒரு வீடியோவை இறக்கிவைத்து, "அம்மா, தினமும் காலைல இதைப் போட்டு அந்தப் பொண்ணு என்ன பண்ணுதோ அதையே பண்ணு. அரை மணி நேரம்தான். குதிக்கிறதும் இருக்கு, வெயிட் தூக்குறதும் இருக்கு" என்று சொல்லிவிட்டு ரயிலேறினாள்.

நானும் பார்த்தேன். ஒரு வெளிநாட்டுப் பெண், வெறும் அறையில் நின்றுகொண்டு ஆடுகிறாள். நாற்பது விநாடி குதிப்பு. இருபது விநாடி ஓய்வு. அடுத்த நாற்பது விநாடி இரண்டு கையிலும் இரும்புக் குண்டைப் பிடித்து உட்கார்ந்து எழுந்திருப்பது. திரும்ப ஓய்வு. பிறகு தரையில் விழுந்து எழுவது. மூலையில் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கும். அவள் இங்கிலீஷில் மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். நானும் பட்டாளத்தில் இங்கிலீஷ் பேசியவன்தான். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. கௌரவத்தை விட்டுக்கொடுக்காமல் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

"என்ன சொல்லுதா?" என்று என் மனைவி கேட்டாள்.

"நல்லா மூச்சை இழுத்து விடச் சொல்லுதா."

"அதுக்கு அவ முதல்ல விடணும்லங்க" என்றாள்.

இரும்புக் குண்டுக்கு அவள் கடைக்குப் போகவில்லை. கொல்லையில் கிடந்த இரண்டு செங்கல்லை எடுத்துக் கழுவிக் காயவைத்து, கம்பெனியில் கழிவாகப் போன பேண்டேஜ் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். மகளின் பழைய சுடிதார் கால்சட்டையும் என் பனியனும் போட்டுக்கொண்டாள். காலை ஐந்து மணிக்குக் குக்கரில் அரிசியைப் போட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்தி, செல்லை டிவிக்கு முன்னால் சாய்த்துவைத்து நின்றாள்.

முதல் நாள் நாலு நிமிஷம். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் தரையிலேயே படுத்துவிட்டாள். மார்பு ஏறி இறங்கிய வேகத்தைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் உள்ளே ஒரு சனியன் சொல்லிற்று, சரி, ஒரு வாரம் தாங்காது என்று.

ஒரு வாரம் தாங்கியது. பத்து நாளில் ஆறு நிமிஷம் நின்றாள். படியிறங்கும்போது இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற அக்கா ஒருத்தர் இருக்கிறார். "ஏமி, காலைல காலைல ஒங்க வீட்ல இடி இடிக்குது?" என்று சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டார். என் மனைவி சிரித்து மழுப்பினாள். தம்பி விஷயம் முடிகிறவரை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது அவள் கட்டளை.

ஒன்றரை மாதத்தில் பதினைந்து நிமிஷம். அந்தப் பெண் தரையில் விழுந்து எழும்போது இவளும் விழுந்து எழுந்தாள். அடேங்கப்பா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். எனக்கு ஆச்சரியம் வந்தது, கூடவே பீதியும் வந்தது. அவளைத் தராசில் ஏற்றிப் பார்த்தால் எண்பதுக்கு வந்துவிட்டாள்.

அப்போதுதான் நான் அந்தக் கேவலமான காரியத்தை ஆரம்பித்தேன். மச்சினனை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போய், முடிந்ததும் சுந்தரபாண்டியம் பஸ்ஸில் உட்காரவைத்து, கையை அசைத்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு ராஜபாளையம் பஸ் ஏறுவேன். அவள் பால்கோவாவுக்கு உயிரை விடுவாள், எனக்குத் தெரியும். "பாவம், மேலெல்லாம் வலிக்கும்லட்டி, ஒரு வாய் சாப்பிடு" என்று கையில் கொடுப்பேன். அவளும் மறுக்காமல் வாங்கி வைத்துக்கொள்வாள். மறுநாள் டப்பா காலியாகியிருக்கும். எனக்குச் சந்தோஷம். ஊசி குத்திய கையோடு ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனவனின் முகம் அந்த நேரம் ஞாபகத்துக்கு வராமல் இருக்க, பஸ்ஸில் கண்ணை மூடிக்கொள்வேன்.

மூன்றாவது மாத முடிவில் எழுபத்தேழு. வீடியோவை முழுசாக முடித்தாள்.  இத்தனை பால்கோவாவும் எங்கே போயிற்று?

எப்படித்தான் முடிகிறது என்று பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பக்கத்தில் நானும் நின்றேன். பட்டாளத்தில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் என் கம்பெனியில் முதலாவதாக வந்தவன் நான். இப்போதும் தொப்பை கிடையாது. செங்கல்லை அவள் வைத்துக்கொண்டாள், எனக்கு இரண்டு தண்ணீர் பாட்டில். அந்தப் பெண் குதிக்க ஆரம்பித்தாள். நானும் குதித்தேன். என்ன வேகம்! நான் ஒரு தரம் கையைத் தூக்குவதற்குள் அவள் அடுத்ததற்குப் போய்விடுகிறாள். ஓய்வு என்று உட்காரப் போனால் உட்கார்வதற்குள் ஓய்வு முடிந்துவிடுகிறது. ஒன்பதாவது நிமிஷம் எனக்குக் கண் இருட்டியது. வாசல்படிக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் அவள் நிறுத்தவில்லை. பனியன் முதுகோடு ஒட்டிப் போயிருக்க, செங்கல் இரண்டையும் தலைக்கு மேல் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள். குக்கர் விசில் அடித்தது. செல்லைப் பார்த்த கண்ணை எடுக்காமல் காலாலேயே ஓரமாக நகர்ந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு, அதே தாளத்தில் குதித்துக்கொண்டே திரும்பி வந்தாள். நான் தரையில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இருபத்து நாலு வருஷமாக இவளோடு குடித்தனம் நடத்துகிறேன். இவள் யார் என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எனக்கு மானப் பிரச்சினை. ஒரு பட்டாளத்துக்காரன் ஒன்பது நிமிஷத்தில் சுருண்டால் எங்கோ கணக்கு இடிக்கிறது என்று தோன்றியது. பயிற்சியில் ஆட்களை நேரம் பார்த்து ஓடவிட்டுப் பழகிய கை, தானாகக் கடிகாரத்துக்குப் போயிற்று. செல்லில் நாற்பது என்று வந்ததும் பார்க்க ஆரம்பித்தேன். அங்கே பூஜ்யம் வந்தபோது என் கடிகாரத்தில் ஓடியிருந்தது இருபத்தேழு விநாடி. கடிகாரம் கெட்டுப்போயிற்று என்று நினைத்துச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன். அதிலும் இருபத்தேழுதான். ஓய்வைப் பார்த்தேன். இருபதுக்குப் பதிலாகப் பதின்மூன்று.

அவள் முடித்து முகம் துடைத்துக்கொண்டு வந்ததும், "ஏட்டி, இது அரை மணி நேர வீடியோ தான?" என்றேன்.

"ஆமா."

"இருபது நிமிசத்துல முடிஞ்சிருச்சே."

"தெனமும் அப்படித்தான் முடியும். நடுவுல வர்ற விளம்பரத்தை எல்லாம் எடுத்துட்டுத்தான் நம்ம புள்ள ஏத்தியிருப்பா" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விட்டாள்.

சென்னைக்குப் போன் போட்டேன். மகள் தூக்கக் கலக்கத்தில் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயையோ, அப்பா! அந்த செல்லுல நான் கிளாஸ் எல்லாம் ஒன்றரை மடங்கு வேகத்துல வச்சுத்தான் கேப்பேன். சிலபஸ் முடியணும்ல. மாத்தாமயே குடுத்துட்டேம்பா. மேல பாருங்க, ஒண்ணு புள்ளி அஞ்சுன்னு இருக்கா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். மூலையில் எறும்பு அளவுக்கு இருந்தது, ஒன்று புள்ளி ஐந்து.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.  வயசுப் பிள்ளைகளுக்கே கஷ்டமான ஒரு பயிற்சியை, எண்பத்து நாலு கிலோ உடம்போடு, ஒன்றரை மடங்கு வேகத்தில், ஓய்வையும் வெட்டிக்கொண்டு, கையில் செங்கல்லோடு, மூன்று மாதமாக இவள் செய்திருக்கிறாள். கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. கஷ்டமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஊரில் உள்ள பொம்பளைகள் எல்லாரும் இந்த வேகத்தில்தான் குதிக்கிறார்கள், தனக்குத்தான் உடம்பு வணங்கவில்லை என்று நினைத்திருக்கிறாள்!

நேரே அடுப்படிக்குப் போய்க் கத்தினேன். "கிறுக்கா ஒனக்கு? நெஞ்சு வெடிச்சுச் செத்திருப்பட்டி! எவளாவது இந்த வேகத்துக்கு ஆடுவாளா? சந்தேகமே வரலையா?"

அவள் நிதானமாகப் பாலை இறக்கினாள். விஷயத்தை முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "வேகம்னு தெரிஞ்சது. வெள்ளக்காரி அப்படித்தான் இருப்பான்னு நெனச்சேன்" என்றாள். பிறகு டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே அவன் போயிட்டான்னா, பொறவு இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு நான் என்னங்க பண்ண?"

நான் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டரிடம் சம்மதம் சொன்னது பொய் என்றேன். உன் எடை குறையக் கூடாது என்றுதான் பால்கோவா வாங்கி வந்தேன் என்றேன். உனக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் எப்படி இருப்பேன் என்று கேட்டேன். 

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"பால்கோவா. இருபத்து நாலு வருசத்துல நான் கேட்டு ஒரு நாள் வாங்கிட்டு வந்திருக்கீகளா? வாராவாரம் வந்தா தெரியாதா? அம்புட்டையும் கம்பெனிப் பிள்ளைகளுக்குக் குடுத்துட்டேன். அதுக எல்லாம் ஒங்களை ரொம்ப நல்லவர்னு சொல்லுதுக."

அதைச் சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்கு. நீங்க பயப்படுதேன்னு சொல்லியிருந்தா, ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாம்ல" என்றாள்.  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை செங்கல் தூக்கித் தூக்கிக் காய்த்துப் போயிருந்தது.

அன்றைக்கே ராஜபாளையத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் இருதயத்தைப் பார்க்கச் செய்தேன். ஒரு குறையும் இல்லை என்றார். மறுநாள் வீடியோவைச் சரியான வேகத்துக்கு மாற்றி வைத்தேன். அந்தப் பெண் நிதானமாக, அழகாக, எனக்கே புரிகிற இங்கிலீஷில் பேசினாள். என் மனைவி இரண்டு நிமிஷம் குதித்துப் பார்த்துவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க இது, தூங்கி வழியுதா? இவ எப்ப முடிச்சு நான் எப்ப வேலைக்குப் போக? பழையபடியே வைங்க."

நான் மாட்டேன் என்றேன். அவள் செல்லைப் பிடுங்கினாள். கடைசியில் வேகத்தை ஒன்றே காலுக்கு வைப்பது என்று ஒப்பந்தம் ஆயிற்று. அதற்குப் பிறகு தினமும் அவள் பக்கத்தில் நானும் நின்றேன். அவள் முடிப்பாள், நான் பாதியில் நின்று அடுப்பைப் பார்த்துக்கொள்வேன்.

ஐந்தாம் மாதம் மதுரைக்குப் போனோம். டிரெட்மில்லில் ஏற்றி, உடம்பெல்லாம் ஒயரை ஒட்டி நடக்கவிட்டார்கள். பரிசோதிக்கிற பெண் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் வேகத்தையும் சரிவையும் கூட்டினாள். "மூச்சு வாங்குனா சொல்லுங்கம்மா" என்றாள். என் மனைவி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு விறுவிறு என்று நடந்தாள், பிறகு ஓடினாள். கொஞ்ச நேரத்தில், "இதுக்கு மேல போகாதாம்மா?" என்று கேட்டாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன், ஏதோ நான் ஓடுகிற மாதிரி.

எடை எழுபத்தொன்று. டாக்டர் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறச் சொன்னார். திரும்பவும் எழுபத்தொன்றுதான். "வீட்டுக்காரர் சம்மதமா?" என்று பழையபடி என் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை பரிபூர்ணம் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

ஆபரேஷன் நடந்த அன்று ஆறு மணி நேரம் நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. அவளை முதலில் வெளியே கொண்டுவந்தார்கள். முகம் வெளிறிப்போய் இருந்தது. கண்ணைத் திறந்ததும், "அவன்?" என்றாள். "நல்லாயிருக்கான்" என்றேன். அவனைத் தனியாகக் கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். கிருமி தொற்றிவிடும் என்று ஒருவரையும் உள்ளே விடவில்லை. டியூபில் சிறுநீர் நன்றாக இறங்குகிறது என்று மட்டும் டாக்டர் சொன்னார். சிறுநீர் என்பதே அவனுக்கு மூன்று வருஷமாகக் கிடையாது. வருகிறது என்கிற உணர்ச்சியே உடம்பை விட்டுப் போய்விட்டதாக ஒரு தடவை என்னிடம் சொல்லியிருந்தான்.

ஆறாம் நாள் காலை அவனுக்கு டியூபை எடுத்தார்கள். அவளுக்கு இட்லி பிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் செல்லில் அவன் அழைப்பு.

"அத்தான், அக்காகிட்ட குடுங்க" என்றான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.  அவள் காதில் வைத்தேன். அறை அமைதியாக இருந்ததால் அவன் பேசியது எனக்கும் கேட்டது.

"அக்கா… அக்கா, எனக்கு ஒண்ணுக்கு வருதுக்கா."

முப்பத்தெட்டு வயது ஆள் அதைச் சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

அவள் வயிற்றுத் தையலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வந்தா எந்திரிச்சுப் போயேம்லே. அதை என்கிட்ட எதுக்குலே கேக்க?" என்று அதட்டினாள். பிறகு செல்லை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. வலிக்கும், அழாதே என்று நான் சொல்லவில்லை.